ஒரே பெட்டி, மூணு படம், மூணு தெளிவு

போன டிசம்பர் லீவுல எங்க கூட்டத்துல ஏழு பேர் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கூடினோம். கூடிய இடம் ஒரு தோழனுடைய லயத்து வீடு. கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய மாமா ஊருக்கு வந்தப்போ ஒரு ப்ளூ-ரே பிளேயரும், சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றும் அடங்கிய ஒரு பெட்டியும் கொண்டு வந்திருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு ராத்திரிக்கு ஒரு படம். அதுதான் திட்டம்.

தோழனின் அப்பாயி சுவரில் சாய்ந்து எங்களோடேயே பார்த்தார். வங்காளம் எங்க யாருக்கும் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நாங்க மாறி மாறி அப்பாயிக்குத் தமிழில் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அது தேவைப்படவில்லை. வறுமைப்பட்ட வீடு, ஓடித் திரியும் பிள்ளைகள், தூரத்தில் போகும் ரயில். இதையெல்லாம் மொழிபெயர்க்க என்ன இருக்கு?

முதல் படம் பாதி ஓடியிருக்கும். அப்பாயி கேட்டார்: "ஏன்டா தம்பி, இவ்வளவு நேரம் பளிச்சுனு இருந்துச்சு, இப்ப மங்கிப் போச்சே. கரண்டு கொறஞ்சிருச்சா?"

நாங்களும் கவனித்தோம். உண்மைதான். ஒரு காட்சியில் இலையின் நரம்பு வரை தெரிந்தது. அடுத்த காட்சியில் அந்தக் கூர்மை இல்லை, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. அப்புறம் மறுபடி பளிச்சென்று ஆனது. பிளக்கை ஆட்டிப் பார்த்தோம். டிஸ்க்கை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டோம். ஒன்றும் மாறவில்லை. மற்ற இரண்டு ராத்திரிகளிலும் பார்த்தோம், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு மாதிரித் தெளிவு. பெட்டி ஒன்று, இயக்குநர் ஒருவர், மூன்றையும் வெளியிட்டது ஒரே நிறுவனம். அப்புறம் ஏன்?

அப்பாயியின் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. பதில் 1993இல் லண்டனில் நடந்த ஒரு தீயில் இருக்கிறது. ஆனால் அங்கே போகுமுன், நம்ம தோட்டங்களில் "கிளியரா இருக்கு" என்ற சொல்லுக்கு இத்தனை காலமும் என்ன அர்த்தம் இருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

டெக், சீடி, "அஞ்சு படம் ஒரே டிஸ்க்"

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.டி.என். மூலம் வந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் டிவி வர இன்னும் பல வருஷம் ஆனது. கரண்டே இல்லாத லயங்களில் கார் பெட்டரியில் டிவி ஓட்டிய கதையை எங்க அப்பாமார் இன்றைக்கும் சொல்வார்கள். கோயில் திருவிழா, சடங்கு, கல்யாணம் என்றால் டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய நாலு படம். இரண்டாம் படத்திலேயே திரையின் அடியில் வெள்ளைக் கோடுகள் நெளியத் தொடங்கும். யாராவது ஓர் அண்ணன் எழுந்து போய் டிராக்கிங் பட்டனைத் திருகுவார். அந்தக் கெசட்டும் அசல் இல்லை. இன்னொரு கெசட்டிலிருந்து எடுத்தது, அது வேறொன்றிலிருந்து எடுத்தது.

2000க்குப் பிறகு சீடி வந்தது. வீசீடி என்பதைத்தான் நாம் சீடி என்றே சொன்னோம். ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று டிஸ்க். ஆட்கள் வேகமாக ஓடினாலோ மழை பெய்தாலோ படம் கட்டம் கட்டமாக உடையும். அப்போது நமக்குத் தெரிந்தது இரண்டே தரம்: "தியேட்டர் பிரிண்ட்", "கிளியர் பிரிண்ட்". தியேட்டர் பிரிண்டில் முன் வரிசையில் இருக்கிறவர் எழுந்து போவதும் தெரியும், சிரிப்பும் கேட்கும். கிளியர் பிரிண்ட் வரும்வரை காத்திருக்கிறவர்களை நாங்க பணக்காரர்கள் என்று நினைத்தோம்.

பிறகு டிவிடி வந்தது. அதோடு ஒரே டிஸ்க்கில் அஞ்சு படம் என்ற மாயமும் வந்தது. ஒரு நடிகரின் ஹிட் படங்கள் எல்லாம் ஒரே தட்டில். நம்ம முதல் "பெட்டி வெளியீடு" அதுதான். அதில் நடந்த கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தோம். சாதாரண ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் போட்டால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் கிடைக்கும். அஞ்சு படத்தைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.8 மெகாபிட்தான். பழைய வீசீடியிலேயே படத்துக்கு 1.15 மெகாபிட் இருந்தது! அதாவது டிவிடி என்று பேர் போட்டு, வீசீடியை விடக் குறைந்த தகவலைக் காசு கொடுத்து வாங்கினோம்.

புள்ளிக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். வீசீடியில் ஒரு படச் சட்டத்துக்கு 352க்கு 288, ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளிகள். டிவிடியில் 720க்கு 576, நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2006இல் வந்த ப்ளூ-ரேயில் 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். 2016இல் வந்த 4கே டிஸ்க்கில் 3840க்கு 2160, எண்பத்திரண்டு லட்சத்துக்கு மேல். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் வினாடிக்கு 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம்.

இந்த எண்களைப் பார்த்தால், புள்ளி கூடினால் படமும் கூடித் தெரியும் என்றுதான் தோன்றும். அப்பாயியின் கேள்வி அந்த நினைப்பைத்தான் உடைத்தது. அன்றைக்கு ராத்திரி திரையில் இருந்த புள்ளிகள் எந்தக் காட்சியிலும் குறையவில்லை. அந்தப் புள்ளிகளில் நிரப்ப இருந்த படம்தான் குறைந்தது.

போட்டோ காப்பியின் போட்டோ காப்பி

இதை நம்ம ஆட்களுக்கு விளக்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 1948இல் பறிபோன உரிமையைத் திரும்ப நிரூபிக்க நம்ம குடும்பங்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்கின! ஒவ்வொரு கந்தோருக்கும் ஒரு போட்டோ காப்பி. அசல் கையில் இருந்தால் காப்பி தெளிவு. அசல் தொலைந்து, காப்பியிலிருந்து காப்பி எடுத்து, அதிலிருந்தும் காப்பி எடுத்தால், நாலாவது தாளில் தாத்தாவின் பெயரே வாசிக்க முடியாத கறுப்புக் கறையாகிவிடும். அந்த நாலாவது தாளை எவ்வளவு விலை கூடிய மெஷினில் போட்டாலும் பெயர் திரும்பி வராது.

பிலிம் படமும் அப்படித்தான். கெமராவுக்குள் ஓடியது அசல் நெகட்டிவ். அதிலிருந்து ஒரு மாஸ்டர் பொசிட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து டூப் நெகட்டிவ். அதிலிருந்துதான் தியேட்டருக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் கூர்மை கொஞ்சம் போகும், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில் இருந்த நுணுக்கம் கொஞ்சம் போகும். ப்ளூ-ரே செய்பவர்கள் அசல் நெகட்டிவை ஸ்கேன் செய்தார்களா, நாலாம் படிப் பிரிண்டை ஸ்கேன் செய்தார்களா என்பதில்தான் முக்கால்வாசித் தரம் தீர்மானமாகிறது. இரண்டுக்கும் அட்டையில் போடும் எழுத்து ஒன்றுதான்: எச்டி.

லண்டனில் எரிந்த வங்காளம்

இப்போது அப்பு படங்களுக்கு வருவோம். பதேர் பாஞ்சாலி 1955. அபராஜிதோ 1956. அபுர் சன்சார் 1959. மூன்றுக்கும் கெமரா சுப்ரத மித்ரா. பதேர் பாஞ்சாலிக்கு முன் அவர் சினிமாக் கெமராவைத் தொட்டதில்லை. அபராஜிதோவுக்காகக் காசியில் இருக்கும் ஒரு வீட்டு முற்றத்தைச் செட்டாகப் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் பட்டுத் திரும்ப வைத்து, வானத்திலிருந்து இறங்குகிற மாதிரியான மெல்லிய வெளிச்சத்தை உண்டாக்கினார். அந்த வெளிச்சத்தின் நுணுக்கம்தான் காப்பியின் காப்பியில் முதலில் செத்துப் போவது.

1992இல் ராய்க்கு ஆஸ்கார் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அதை வாங்கினார், சில வாரங்களில் இறந்தும் போனார். அவருடைய படங்களைக் காப்பாற்றும் முயற்சி அதன் பிறகு வேகம் எடுத்தது. அதற்காக அசல் நெகட்டிவ்கள் பலவும் லண்டனில் ஹென்டர்சன்ஸ் என்ற பிலிம் லேபுக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அந்த லேபில் தீப்பிடித்தது. அப்பு படங்களின் நெகட்டிவ்களும் அதில் மாட்டிக்கொண்டன.

எரிந்தும் உருகியும் மிஞ்சிய சுருள்களை வைத்து அன்றைக்கு எந்த லேபாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஆஸ்கார் அகாடமியின் பிலிம் காப்பகம் அவற்றைக் குப்பையில் போடவில்லை. டப்பாவில் வைத்துப் பூட்டியது. இருபது வருஷம் அப்படியே கிடந்தன.

2013இல் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து அந்த டப்பாக்களை இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபுக்கு அனுப்பின. காய்ந்து மொறுமொறுவென்று இருந்த பிலிமை இரசாயனக் கரைசலில் போட்டு இளக வைத்தார்கள். உருகி ஒட்டிய டேப்பையும் மெழுகையும் கையால் நீக்கினார்கள். ஓரத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கை வேலைக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம் போனது.

முடிவு என்ன? பதேர் பாஞ்சாலியில் 40 வீதம் அசல் நெகட்டிவிலிருந்தே ஸ்கேன் செய்ய முடிந்தது. அபராஜிதோவில் 60 வீதத்துக்கு மேல். அபுர் சன்சாரின் நெகட்டிவில் மிஞ்சியது எதுவும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. மிச்சப் பகுதிகளை உலகின் பல மூலைகளில் இருந்த மாஸ்டர் பொசிட்டிவ்களிலும் டூப் நெகட்டிவ்களிலும் இருந்து எடுத்தார்கள். பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட், ஹார்வர்ட் பிலிம் காப்பகம் போன்ற இடங்களில் இவை பத்திரமாக இருந்தன. 2015 மே மாதம் நியூயோர்க்கில் திரையிட்டார்கள், அதே வருஷக் கடைசியில் ப்ளூ-ரே பெட்டி வந்தது.

ஆக, அப்பாயி பார்த்தது கரண்டுக் குறைவு இல்லை. பளிச்சென்று இருந்த காட்சி தீயிலிருந்து தப்பிய அசல். மங்கிய காட்சி, அசல் எரிந்த இடத்தில் ஒட்டுப் போட்ட காப்பி. ஒரு சீலையில் புதுத் துணியும் பழைய துணியும் சேர்த்துத் தைத்த மாதிரி. இதைச் சொன்னதும் அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "எரிஞ்சத யாருய்யா இருவது வருசமா வச்சிருந்தாங்க?"

அந்தக் கேள்விக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

வேறு பெட்டிகள், வேறு காரணங்கள்

தீ மட்டும்தான் காரணம் என்று இல்லை. ஒரே தொடரில் படத்துக்குப் படம் தரம் மாறுவதற்கு இன்னும் மூன்று பெரிய காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அதிகப் புகழ். தி கோட்ஃபாதர் 1972இல் வந்தபோது ஓடிய ஓட்டத்துக்குப் பிரிண்ட் போட்டுப் போட்டே அசல் நெகட்டிவ் தேய்ந்து கிழிந்துவிட்டது. 1990இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு அந்தக் கதி இல்லை. எல்லாருக்கும் பிடித்த படம்தான் அதிகம் பழுதாகிக் கிடந்தது! ரொபர்ட் ஹாரிஸ் தலைமையில் மீட்டெடுத்து 2008இல் ப்ளூ-ரே வெளியிட்டார்கள். ஐம்பதாவது ஆண்டுக்காக 2022இல் 4கே பதிப்பு வந்தபோது, மூன்று படங்களுக்குமாக 300க்கு மேற்பட்ட பிலிம் பெட்டிகளைப் பரிசோதித்து, கறையும் கிழிசலும் நீக்க மட்டும் 4,000 மணித்தியாலத்துக்கு மேல் செலவிட்டதாக அந்த நிறுவனம் சொன்னது.

இரண்டாவது, தொழில்நுட்பம் மாறும் காலத்தில் எடுத்த தொடர்கள். தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் மூன்றும் சேர்ந்தாற்போலத்தான் படமாக்கப்பட்டன. ஆனால் 2001இல் வந்த முதல் பாகத்தில் நிறத் திருத்தத்தின் ஒரு பகுதி பழைய லேப் முறையிலும் மிச்சம் கணினியிலும் நடந்தது. அடுத்த இரண்டும் முழுக்கக் கணினி. ப்ளூ-ரே வந்தபோது முதல் பாகம் மற்றவற்றோடு ஒட்டவில்லை. 2011இல் வந்த நீண்ட பதிப்பில் முதல் பாகம் முழுக்க ஒரு பச்சைச் சாயல், பனிகூடப் பச்சையாகத் தெரிந்தது. 2020இல் 4கே வந்தபோதுதான் மூன்றுக்கும் நிறத்தைச் சேர்த்து ஒழுங்கு செய்தார்கள்.

நமக்குப் பழக்கமான உதாரணம் எந்திரனும் 2.0வும். 2010இல் வந்த எந்திரன் பிலிமில் எடுத்தது, 2018இல் வந்த 2.0 டிஜிட்டலில் நேரடியாகவே 3டி கெமராக்களால் எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். தோலின் நிறம், இருட்டு, அசைவு எல்லாமே வேறு. 1996இன் இந்தியனுக்கும் 2024இன் இந்தியன் 2க்கும் இடையில் இருபத்தெட்டு வருஷம். கெமராவுக்குள் பிலிம் ஓடிய காலம் ஒன்று, கெமராவுக்குள் மெமரி கார்ட் இருக்கும் காலம் மற்றது. இங்கே வித்தியாசம் பழுது இல்லை. காலம்.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்கு அதிகம் கோபம் வர வைப்பது: சுத்தப்படுத்துகிறேன் என்று கெடுப்பது. பிலிமில் இயல்பாகவே மணல் தூவிய மாதிரி ஒரு துடிப்பு இருக்கும், கிரெய்ன் என்பார்கள். அது தூசி இல்லை, படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். சில நிறுவனங்கள் மென்பொருளைப் போட்டு அதைத் துடைத்துவிடுகின்றன. துகளோடு சேர்ந்து தோலின் சுருக்கமும் துணியின் நெசவும் போய்விடும், முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். பிரெடேட்டர் படத்தின் 2010 ப்ளூ-ரே இதற்குப் பேர் போனது. ஏலியன் தொடரையே எடுங்கள். 1979இன் முதல் படத்துக்கு 2019இல் வந்த 4கே டிஸ்க், துகளோடும் இருட்டோடும் அசலைப் போலவே இருக்கிறது. 1986இன் ஏலியன்ஸுக்கு 2024இல் வந்த 4கே டிஸ்க்கில் துகளைக் கழுவி, கணினியால் கூர்மை ஏற்றி, முகங்களையே புதிதாக வரைந்த மாதிரி ஆக்கிவிட்டார்கள். பழையது அசலாக நிற்கிறது, அதற்கு ஏழு வருஷம் பிந்திய படம் பிளாஸ்டிக்காக நிற்கிறது.

"4கே ரீமாஸ்டர்" என்று போட்டால் ஆச்சா?

இப்போது நாம் யாரும் டிஸ்க் வாங்குவதில்லை. டேட்டா கார்ட் போட்டு யூடியூபில்தான் பார்க்கிறோம். பழைய தமிழ்ப் படம் ஒன்றைத் தேடினால் நாலு சேனலில் நாலு மாதிரி இருக்கும், எல்லாவற்றிலும் எச்டி, 4கே என்ற பட்டை. உள்ளே போனால் சிலது பழைய டிவிடியைக் கணினியில் ஊதிப் பெரிதாக்கியது. ஒரு லிட்டர் பாலில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றினால் நாலு லிட்டர் வரும், பால் என்னவோ ஒரு லிட்டர்தான். சிலவற்றில் பழைய சதுரத் திரையை இன்றைய அகலத் திரைக்குப் பொருத்த மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், நடிகரின் நெற்றி இருக்காது, நடனத்தில் கால் இருக்காது. 60, 70களின் கலர்ப் படங்கள் சிலதில் எல்லாமே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் காலத்துக் கலர்ப் பிலிமில் நீலமும் பச்சையும் சீக்கிரம் மங்கி, சிவப்புச் சாயல் மட்டும் மிஞ்சும். அந்த மங்கிய பிரிண்டை அப்படியே ஸ்கேன் செய்தால் 4கேயில் கிடைப்பது அதிகத் தெளிவான இளஞ்சிவப்புத்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது. பி.ஆர். பந்துலுவின் கர்ணன் (1964) சிதைந்து கிடந்த பிலிமிலிருந்து டிஜிட்டலில் மீட்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி தியேட்டருக்கு வந்தது. நாற்பத்தெட்டு வருஷப் பழைய படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அதைப் பார்த்துத்தான் தமிழில் மற்றவர்களும் பழைய படங்களைத் தூசி தட்ட ஆரம்பித்தார்கள்.

ஆகவே எங்க சிபாரிசு இதுதான். அட்டையில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்று தேடுங்கள். நெற்றி வெட்டுப்பட்டிருக்கிறதா, தோலில் சுருக்கம் இருக்கிறதா, வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பெரிய டிவி தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும்.

இரண்டு தீ

இனி அப்பாயியின் இரண்டாவது கேள்வி. எரிந்ததை யார் வைத்திருந்தார்கள்?

லண்டன் தீக்குச் சரியாகப் பத்து வருஷத்துக்கு முன், 1983 ஜூலையில், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அது விபத்து இல்லை, எரிக்கப்பட்டது. ஒரு தமிழருக்குச் சொந்தமான அந்த ஸ்டூடியோவோடு படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. அவற்றில் சிங்களப் படங்களும் இருந்தன. கொளுத்தியவர்கள் தாங்கள் பார்த்து அழுத, சிரித்த படங்களையும் சேர்த்தே கொளுத்தினார்கள்.

ராயின் படங்களுக்கு வேறு ஊர்களில் காப்பி இருந்தது. ஓர் இடத்தில் எரிந்தாலும் இன்னோர் இடத்தில் மிஞ்சியது. உலகம் அவரைக் கொண்டாடியதால் அவர் படம் பல ஊர்களுக்குப் போயிருந்தது. அந்தப் பரவல்தான் அவற்றைக் காப்பாற்றியது. கொண்டாடப்படாத படத்துக்கு, வெளியூர் போகாத படத்துக்கு, அந்தக் காப்பு இல்லை.

நம்ம ஆட்களைப் பற்றிய படங்களும் இருந்தன. 1960களின் தொடக்கத்திலேயே தோட்டத்துக் கதையாக தோட்டக்காரி எடுக்கப்பட்டது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் அது மிக முந்தியவற்றில் ஒன்று. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தானே தயாரித்து நடித்த படங்கள் மூன்று: புதிய காற்று (1975), நான் உங்கள் தோழன் (1978), நாடு போற்ற வாழ்க (1981). தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டு வந்தது புதிய காற்று. எங்க தாத்தா, அப்பாயிகள் தியேட்டருக்குப் போய்த் திரையில் தங்களையே பார்த்தது அப்போதுதான். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு ப்ளூ-ரே பெட்டி வந்ததில்லை. கோட்ஃபாதர் முதலாம் பாகமா மூன்றாம் பாகமா தெளிவு என்று வாதாடும் பாக்கியம் இந்தத் தொடருக்குக் கிடைக்கவில்லை.

முடியாத காரியம் இல்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் நிதானய படத்தை 2013இல் மீட்டெடுத்தது அதே பொலோன்யா லேப்தான். சுமித்ரா பீரிஸின் கெஹெனு லமாய் மீட்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இலங்கையின் படங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. இலங்கையின் தமிழ்ப் படங்களையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

நம்ம அலுமாரி

சப்ரகமுவத்தில் நாம் சிதறி வாழும் ஆட்கள். நுவரெலியா மாதிரிக் கூட்டமாக இல்லை. ஒரு தோட்டம், சுற்றிச் சிங்களக் கிராமங்கள், அடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் பல மைல் தள்ளி. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது உடுத்த துணியோடு ஓடியவர்கள் உண்டு. போட்டோவும் பத்திரமும் அங்கேயே போயின. அப்படி ஓடியவர்களின் பிள்ளைகளுக்கு, தாத்தாவின் முகம் என்பது ஓர் அடையாள அட்டைக் காப்பியில் இருக்கும் கறுப்பு நிழல்தான்.

அதனால்தான் டிஸ்க் தரம் பற்றிய இந்தப் பேச்சு எங்களுக்கு வெறும் விளையாட்டாக இல்லை. ஒரு படம் தெளிவாகத் தெரிகிறது என்றால், எங்கேயோ யாரோ அசலை வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

நம்ம வீட்டு அலுமாரிகளில் இன்னும் சிலது கிடக்கிறது. 90களின் கல்யாண வீடியோக் கெசட். காமன் கூத்தும் கோயில் கரகமும் பிடித்த கெசட். சங்கக் கூட்டத்தில் பேசியது பிடித்த கெசட். இவற்றுக்கு ஒரே ஒரு அசல்தான், ஹார்வர்டில் இரண்டாவது காப்பி இல்லை. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் கெசட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும்.

இந்த வருஷம் நாங்க செய்யப் போவது சின்ன வேலை. ஓடுகிற நிலையில் ஒரு டெக் கிடைத்திருக்கிறது, கணினிக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். எட்டியாந்தோட்டையில் தொடங்கி, முடிந்தவரை மற்றத் தோட்டங்களுக்கும் போவோம். கெசட்டை வாங்கிக்கொண்டு போக மாட்டோம், வீட்டிலேயே வைத்து மாற்றித் தருவோம். அசல் உங்களிடமே இருக்கட்டும். ஒரு காப்பி உங்களுக்கு, ஒரு காப்பி வெளியூரில் இருக்கும் உங்க சொந்தக்காரருக்கு, நீங்க சம்மதித்தால் ஒரு காப்பி எங்களுக்கு. லண்டனில் இருந்து நாங்க படித்த பாடம் அவ்வளவுதான். ஒரே இடத்தில் வைக்காதே.

விஎச்எஸ் கெசட்டில் 240 கோடு அளவுக்குத்தான் தெளிவு இருக்கும். அதை யாரும் எச்டி ஆக்க முடியாது, நாங்களும் ஆக்கப் போவதில்லை. இருப்பதை இருக்கிறபடி எடுப்போம்.

முதல் கெசட் அப்பாயி வீட்டுடையதுதான். 1994இல் நடந்த அவருடைய மூத்த மகளின் கல்யாணம். மேலே பூஞ்சணம், ஓர் ஓரம் கசங்கியிருக்கிறது. மெதுவாகத் துடைத்துப் போட்டோம். முதல் ஆறு நிமிஷம் வெறும் புள்ளி. அப்புறம் பந்தல் தெரிந்தது, மேளம் கேட்டது, வாசலில் சிரித்தபடி நின்ற ஒரு மனிதர் கெமராவைப் பார்த்துக் கை கூப்பினார். அப்பாயி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படம் மங்கல் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.